இரவல் மூச்சு

வேறொருத்தியின் அழுகை தன் தொண்டையில் ஏறியபோது ரூபன் முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்குப் பின்னால் இருந்த கேண்டீன். மாலை இடைவேளை. கழுத்தில் பட்டை, எதிரே கூட வேலை செய்யும் ஜிலானி. ரூபனுக்குத் தொண்டை அடைத்தது. மூக்கு நுனி சுட்டது. நெஞ்சுக்குழி உள்ளே இழுத்து இழுத்து விட்டது. அவனுக்கு அன்று அழ ஒரு காரணமும் இல்லை. பப்ஸ் சூடாக இருந்தது. காலையிலிருந்து தூக்கிய பெட்டிகளில் ஒன்றுகூட இடிக்கவில்லை.

"இன்னாண்ணே, கண்ணு கலங்குது? அண்ணி நெனப்பு வந்துடுச்சா?" என்றான் ஜிலானி.

"நான் இல்லடா. என் காட்டுக்காரன். மப்புல மலை ஏறிட்டான் போலக்குது."

"பொண்டாட்டி தொரத்தி வுட்ருப்பா. மரத்தக் கட்டிப் புடிச்சினு அழுவுறான்."

ஜிலானி எழுந்து கேண்டீன் தூணைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக் காட்டினான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரூபனுக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறையப் பப்ஸ். அடக்க அடக்கச் சிரிப்பு மேலே வந்தது. தொண்டைக்குக் கீழே யாருடைய அழுகையோ, மேலே அவனுடைய சிரிப்பு. கடைசியில் பப்ஸ் துகள் மூச்சுக்குழலில் இறங்கிப் புரையேறிவிட்டது. இருமி இருமி முகம் சிவந்தது. ஜிலானி ஓடிவந்து அவன் உச்சந்தலையில் தட்டினான்.

"யாரோ உன்ன நெனைக்கிறாங்கண்ணே."

இருமல் அடங்கியதும் ரூபன் கைப்பேசியை எடுத்தான். 'சேவையில் குறை' என்பதைத் தொட்டான். காரணம் கேட்டது. 'அமைதி இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தான். மறுநாளும் அதே தொண்டை அடைப்பு, அதே புகார். மூன்றாம் முறை புகார் போனதும் ஆளை மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு இலைப் படமும் கூடவே வந்தது.

அது அழுகை என்று தனக்குத் தெரியாது என்று பிறகு பல முறை தனக்குள் சொல்லிக்கொண்டான். பொய். அம்மா செத்தபோது இதே இடத்தில்தான் வலித்தது. தெரிந்துதான் பொத்தானை அழுத்தினான்.

ரூபனின் வேலை பெட்டி தூக்குவது. கண்ணாடி அறையில் திரைக்கு முன் உட்கார்ந்து, கைப்பிடியை அசைத்தால், தூரத்தில் கப்பலின் மேல் நிற்கும் பாரந்தூக்கி அசையும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீடு கனம். அடியில் ஆட்கள் நடமாடுவார்கள். இந்த வேலைக்கு வருபவன் உடம்பு நாலைந்து வருடத்தில் கெட்டுவிடும். இரத்த அழுத்தம், தூக்கமின்மை, கை நடுக்கம். காட்டில் நடந்தால் இதெல்லாம் இறங்குகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நாடி தணியும், உடம்பில் பதற்றச் சுரப்பு குறையும், தோள் தானாகத் தொங்கும். ஆனால் காட்டுக்குப் போக யாருக்கும் நேரமில்லை. நகரத்தைச் சுற்றிக் காடும் இல்லை. ஆகவே 'இளநிழல்' கம்பெனி வேறு வழி கண்டுபிடித்தது. மலையில் ஒருவர் கழுத்தில் ஒரு பட்டை, துறைமுகத்தில் ஒருவர் கழுத்தில் ஒரு பட்டை. மலையில் இருப்பவர் காட்டில் நடப்பார். அவர் மூச்சும் நாடியும் நரம்பின் தளர்வும் கீழே இருப்பவரின் உடம்பில் இறங்கும். அப்படி நடப்பவர்களுக்கு நடையாள் என்று பெயர். யாருக்கு யார் நடையாள் என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டு வருடம் ரூபனுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே உள்ளங்காலில் ஈரம் ஏறுவது போல இருக்கும். ஏதோ மேட்டில் ஏறுகிற மூச்சு, அப்புறம் ஓர் இடத்தில் நிற்கிற மூச்சு. அந்த நிற்கிற இடத்தில்தான் அவன் தோள் இறங்கும். நடையாளை அவன் லுங்கியை மடித்துக்கட்டிய ஓர் ஆளாகவே கற்பனை செய்து வைத்திருந்தான். பெண்ணாக இருக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

புதிதாக மாற்றிய ஆளிடம் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்த அமைதி ரூபனுக்குப் பொருந்தவில்லை. கோயில் வாசலில் மாறிப்போன செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பது போல இருந்தது. தூக்கம் போயிற்று. கை நடுங்கத் தொடங்கியது. ஒரு மதியம் அவன் இறக்கிய பெட்டி, கொக்கி சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவன் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் போய் நின்றது. அந்த ஆள் தலை நிமிர்ந்து பெட்டியைப் பார்த்த முகம் திரையில் பெரிதாகத் தெரிந்தது.

"அடுத்த டெஸ்டுக்குள்ள ஒடம்ப சரி பண்ணிக்க. இல்லாட்டி கேட்ல நின்னு லாரிக்குச் சீட்டு கிழிக்க வேண்டியதுதான்" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

பழைய ஆளைத் திருப்பிக் கேட்பது என்று முடிவு செய்து, லீவு போட்டுவிட்டு, ரூபன் சேலத்தில் இறங்கி வேங்கைமலைக்குப் பேருந்து ஏறினான்.

இளநிழல் மையத்தின் மேலாளர் மதிவாணன். இரும்பு வேலிக்கு இந்தப் பக்கம் குளிரூட்டிய அறை. வேலிக்கு அந்தப் பக்கம் காடு. 'நடையாட்கள் தவிர எவருக்கும் அனுமதி இல்லை' என்று பலகை.

"கஸ்டமர் நேர்ல வர்றது வழக்கமில்லை சார். இருந்தாலும் சொல்லுங்க" என்றார்.

"எனக்கு முன்னாடி இருந்த ஆளுதான் வேணும்."

"புரியுது. ரெண்டு வருஷம் ஒரே ஆள்னா ரெண்டு உடம்பும் பழகிடும். சுருதி சேர்ற மாதிரி. ஆனா உங்க புகாராலதான அவங்கள நிறுத்தினோம்?"

"அவங்களா?"

"லேடி சார். புகாரை நீங்க வாபஸ் வாங்கினா திரும்ப எடுக்கலாம். ஒரே சிக்கல். வாபஸ் வாங்கினா, அன்னிக்குக் கோளாறு உங்க உடம்புலதான் இருந்துச்சுன்னு ஆகும். அந்தத் தகவல் தானா உங்க துறைமுகத்துக்குப் போயிடும்."

போனால் பாரந்தூக்கி வேலை போய்விடும். ரூபன் ஜன்னல் வழியே பார்த்தான். பட்டை கட்டிய ஐந்தாறு பேர் வரிசையாகக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை.

"ஏன் பதிவு பண்ணிப் போடக் கூடாது? நல்லா இருந்த ஒரு நாளையே திரும்பத் திரும்ப?"

"போட்டுப் பார்த்தோம். உடம்பு ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சுடுது. காடு ஒரே மாதிரி ரெண்டு தடவை இருக்காது. ஆள் நிஜமா உள்ள இருக்கணும், அதே நேரத்துல இருக்கணும்." மதிவாணன் கண்ணாடியைத் துடைத்தார். "எங்களுக்கும் தலைவலி இல்லாம இல்ல. தினமும் காட்டுல நடக்கறவங்க, குண்டுக்கல்லு மாதிரி இருக்கணுமில்ல? இவங்களுக்குப் போகப் போக பிரஷர் ஏறுது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்றார். மலை ஜனங்க ஊறுகாய் ஜாஸ்தி சாப்பிடுவாங்க சார்."

"இங்கேந்து எனக்கு வர்ற மாதிரி, என்கிட்டேந்து அவங்களுக்கு ஏதாச்சும்…"

"சான்ஸே இல்ல. ஒரு வழிதான். ரேடியோ மாதிரி. நீங்க இங்க திட்டினா பாடறவருக்குக் கேக்குமா?"

ஆள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார். வாசலில் காவலுக்கு இருந்தவரோ கேட்காமலே சொன்னார்: தவமணி. கீழ்வளைவில் மரவள்ளிக் கொட்டகையில் தோல் உரிக்கிறாள்.

கொட்டகை பேருந்து நிறுத்தத்தை ஒட்டியே இருந்தது. வேலியைத் தாண்டிச் சாய்ந்த மரங்கள் அதன் கூரை மேல் நிழல் போட்டிருந்தன. மண் ஒட்டிய கிழங்குக் குவியலுக்கு முன் நாற்பதை நெருங்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கத்தியால் ஒரு கீறல், கட்டை விரலால் ஒரு நெம்பு, தோல் முழுசாகக் கழன்று விழுந்தது. மற்ற பெண்கள் அவளை விட்டுத் தள்ளி ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"தவமணியக்காவா?"

"ஆமா சார். நீங்க?"

"கம்பெனிலேந்து வரேன்." வாய் தானாகச் சொன்னது.

கத்தி நின்றது. "கூப்புட்டு விட்டாங்களா?"

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் ரூபனின் தலை குனிந்தது. "இல்லக்கா. விசாரிக்கத்தான். அன்னிக்கு இன்னா ஆச்சுன்னு."

"அதான் அன்னிக்கே சொன்னேனே." மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். "வூட்டுக்காரரு மொளகு பறிக்க ஏணி வெச்சு ஏறுனாரு. ஏணி நழுவிருச்சு. அடக்கம் பண்ணிட்டு நாலாம் நாளு வேலைக்கு வந்தேன். பதினாறு கழியட்டும்னு எல்லாரும் சொன்னாங்க. வராட்டி வேற ஆளு போட்ருவோம்னு இவங்க சொல்லிட்டாங்க. அது மட்டும் இல்ல சார். வூட்டுக்குள்ள மூச்சு முட்டுச்சு. காட்டுக்குள்ள போனா கொஞ்சம் எறங்கும்னு நெனச்சேன். அது எங்களுக்கு எப்பவும் உள்ளதுதான். வேலி போடறதுக்கு முன்னால யாருக்கு என்ன துக்கம்னாலும் உள்ள போயி ஓடைகிட்ட உக்காந்துட்டு வருவோம்."

"இப்ப வுட மாட்டாங்களா?"

"பட்டை இருந்தாத்தான் விடுவாங்க." கிழங்கைக் குவியலில் எறிந்தாள். "அன்னிக்கு ஓடைகிட்ட நின்னு அழுதேன். சத்தம் போடல. கூட நடக்கற ரெண்டு பேரு பின்னால இருந்தாங்க. அப்பத்தான் சார் அந்தக் கருமம் நடந்துச்சு."

"இன்னா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சிரிச்சுட்டேன்."

பேருந்து ஒன்று வளைவில் ஒலி எழுப்பிக்கொண்டு கடந்து போனது.

"எதுக்குன்னே தெரியல. கண்ணுல தண்ணி கொட்டுது, வாயி சிரிக்குது. அடக்கறேன், அடங்க மாட்டேங்குது. சின்னப் புள்ளையில வகுப்புல வாத்தியாருக்குத் தெரியாம வருமே, அந்த மாதிரி குலுங்கிக் குலுங்கி. புருசன் செத்த நாலாம் நாளு. கூட இருந்தவளுங்க பாத்துட்டு ஊருக்குள்ள சொல்லிட்டாங்க. இதோ, பாக்கறீங்கல்ல, யாரும் கிட்ட உக்கார மாட்டாங்க. அதுகூடப் போவுது. என் பொண்ணு பத்தாவது படிக்குது. அப்பான்னா உசுரு அதுக்கு. 'சிரிச்சியாம்மா?'ன்னு ஒரே ஒரு தடவ கேட்டுச்சு. பொய் சொல்ல வாயி வரல. ஆமான்னுட்டேன். அதுக்கப்புறம் எங்கூட பேசறதில்ல. சோறு போட்டா எடுத்துட்டுப் போயி தனியா திங்குது."

ரூபன் கேட்கக் கூடாது என்று நினைத்ததையே கேட்டான்.

"சிரிப்பு எப்டிக்கா நின்னுச்சு?"

"பொரையேறி." முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. "வாயில வெத்தல பாக்குகூட இல்ல சார். சும்மா நின்னவளுக்குப் பொரையேறி ஒரே இருமலு. யாராச்சும் நெனச்சாத்தான பொரையேறும்? எனக்கு யாரு இருக்கா நெனைக்க? அவருதான்னு நெனச்சுக்கிட்டேன். அழுவாதடின்னு எங்கிருந்தோ சிரிப்புக் காட்டிட்டு, நெனைக்கவும் செய்யறாரு. இது ஒண்ணத்தான் சார் புடிச்சுக்கிட்டு இருக்கேன். பொண்ணுகிட்டகூடச் சொல்லல. சொன்னா அதுக்கும் சிரிப்பாங்க."

எழுந்து போய்விடலாம். மேலே இருக்கும் மேலாளர் ஒரு வழிதான் என்கிறார். இவளுக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்த பேருந்தில் ஏறினால் விஷயம் முடிந்தது. செத்தவன் நினைக்கிறான் என்ற நம்பிக்கையாவது அவளிடம் இருக்கும். இதைப் பிடுங்குவது பாவம் என்றுகூடத் தனக்கு ஒரு நியாயம் சொல்லிப் பார்த்தான். நல்ல நியாயம்தான். அவனுக்கு வசதியான எல்லா நியாயங்களையும் போலவே நல்ல நியாயம்.

ஆனால் பள்ளி விட்டு வந்து தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிற பெண் ஒருத்தி இருந்தாள்.

"அக்கா, நான் கம்பெனி ஆளு இல்ல. மெட்ராஸ்ல துறைமுகத்துல வேல பாக்கறேன். உங்க நடை எனக்குத்தான் வந்துனு இருந்துச்சு. புகார் குடுத்ததும் நான்தான்."

தவமணி கத்தியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. புரியாத பாஷையைக் கேட்பது போலப் பார்த்தாள்.

"அந்தச் சிரிப்பு உங்களுது இல்ல. அது நான் சிரிச்சது. உங்களோடது எனக்கு வர்ற மாதிரி, என்னுது உங்களுக்கு வந்துக்குது. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவள் கிழங்குப் பாலில் பிசுபிசுத்த விரல்களை ஒவ்வொன்றாகச் சேலையில் துடைத்தாள்.

"அப்ப பொரையேறுனது?"

"நான்தான்."

"அது…"

"பப்ஸ் தின்னுனு இருந்தேன்க்கா. தொண்டைல மாட்டிக்கிச்சு."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. உயிரோடு இருந்த ஏதோ ஒன்று அவளுக்குள் இரண்டாம் தடவை செத்ததை ரூபன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். பட்டை இல்லாமலே அவன் தொண்டை அடைத்தது. இந்தத் தடவை அது யாருடையது என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

"எதுக்குச் சிரிச்சீங்க?" என்றாள்.

"கூட வேல செய்யற பையன் ஒருத்தன் ஜோக் சொன்னான்."

"என்னா ஜோக்கு?"

ரூபன் வாயைத் திறந்தான். ஜிலானி தூணைக் கட்டிப் பிடித்தது கண் முன்னே வந்தது. ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும், ஏதோ ஒரு பழைய துணுக்கு. ஒன்றும் வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தவமணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எனக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக. "இப்புடி மூச்சக் கட்டறது. மேடு ஏறி நிக்கறப்ப இங்க கல்லு மாதிரி வந்து அடைக்கும். ரெண்டு வருசமா. வாய்வுன்னு டாக்டரு மாத்திர குடுத்தாரு. என்னோடதுன்னே நெனச்சுட்டு, ஓடைகிட்ட நின்னு நின்னு அதக் கரைச்சுட்டுத்தான் வூட்டுக்குப் போவேன். உங்களதா அது?"

"இருக்கும்."

"உங்களுக்கும் சேத்து நடந்திருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஜோக்கு எதும் இல்லல்ல? நான் அழுததத்தான சிரிச்சீங்க?"

"ஆமா."

தள்ளி உட்கார்ந்திருந்த பெண்களின் கத்திகள் நின்றிருந்தன. அவர்கள் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது.

"புகார வாபஸ் வாங்கிடறேன்க்கா. உங்கள திரும்பக் கூப்புடுவாங்க." கைப்பேசியை எடுத்தான். அதற்காகத்தானே வந்தான் என்பதும், அவள் நடந்தால் தன் கை நடுக்கம் நிற்கும் என்பதும் அந்த நேரத்திலும் அவனுக்கு நினைவு வந்தது. நினைவு வந்ததற்காக நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

"பட்டை இல்லாம காட்டுக்குள்ள விடுவாங்களா?"

"மாட்டாங்க."

"பட்டையோட போனா நீங்களும் கூட வருவீங்க. வேணாம் தம்பி. எனக்கு ஒரு தடவ தனியா போகணும். அது உங்களால ஆவாது."

'சார்' என்பதிலிருந்து 'தம்பி'க்கு வந்துவிட்டாள். அது மன்னிப்பு இல்லை என்று ரூபனுக்கு விளங்கியது. இனி மரியாதை தேவைப்படாத ஆள் என்று அர்த்தம்.

"வேற இன்னா செய்யட்டும்க்கா?"

"அஞ்சு மணி பஸ்ல பொண்ணு வருவா. அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா, கத கட்டறேம்பா. நீங்க சொல்லுங்க. ஜோக்கு சொன்னான் அது இதுன்னு இல்லாம, என்ன நடந்துச்சோ அத அப்புடியே."

அவள் கத்தியை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ரூபன் நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். புகாரை வாபஸ் வாங்கினான். யாருக்கும் உதவாது என்று தெரிந்தும் வாங்கினான். 'கோளாறு என் உடம்பில்' என்ற வரியைத் தொடும்போது, அந்த விண்ணப்பத்தில் அது ஒன்றுதான் உண்மை என்று பட்டது. பாரந்தூக்கி வேலை அத்தோடு போனது. பட்டை பைக்குள்ளேயே கிடந்தது.

பெண்ணிடம் எப்படி ஆரம்பிப்பது? உன் அம்மா அழுததை நான் கிண்டல் செய்து சிரித்தேன். இவ்வளவுதான் வாக்கியம். இதற்கு முன்னும் பின்னும் எதைச் சேர்த்தாலும் அது சாக்கு. நான்கைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். பயத்தில் குரல் நடுங்கினால் கொஞ்சம் நல்லது என்றுகூட நினைத்தான். நடுங்குகிற மனிதனைப் பார்த்தால் யாருக்கும் சற்று இரக்கம் வரும்.

வேலிக்கு அப்பால் காற்று கிளைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. எங்கோ உள்ளே ஓடையின் சத்தம் கேட்டது. அவன் கேண்டீன் பெஞ்சில் உள்ளங்காலால் அறிந்திருந்த ஓடை. மழையில் நனைந்த இலையும் மண்ணும் கலந்த வாடை. முதலில் அவன் எதையும் கவனிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, தோள் இறங்கியிருந்தது. பற்கள் ஒன்றையொன்று கடிப்பதை விட்டிருந்தன. மூச்சு அடிவயிறு வரை போய் நிதானமாகத் திரும்பியது. கையை நீட்டிப் பார்த்தான். மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்த விரல்கள் அசையாமல் நின்றன.

வெட்கம் கெட்ட உடம்பு. யாருடைய காடு, யார் வெளியே நிற்கிறார்கள், யார் என்ன செய்தார்கள், எதையும் அது கேட்கவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு தணிந்துவிட்டது.

வளைவில் பேருந்தின் ஒலி கேட்டது. இரட்டைச் சடையும் தோளில் புத்தகப் பையுமாக ஒரு பெண் இறங்கினாள். கொட்டகைப் பக்கம் திரும்பாமல் நேராக நடக்கத் தொடங்கினாள்.

ரூபன் எழுந்தான். நடுக்கம் கொஞ்சமாவது வருமா என்று பார்த்தான். வரவில்லை. குரல் தெளிவாகவே வந்தது.

"பாப்பா, ஒரு நிமிஷம் நில்லும்மா. உங்க அம்மா சிரிக்கல."